மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் நோயில் புதிய இரத்தக் குழாய்கள் ஏன் முளைக்கின்றன?

மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் என்னும் கொழுப்பு உறையை உடலின் நோய் எதிர்ப்புச் செல்களே சிதைப்பதுதான் மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ். மூளைக்குள் செல்லும் இரத்தக் குழாய்களின் சுவர் இயல்பில் மிக இறுக்கமானது. நோய் எதிர்ப்புச் செல்களின் வகைகளான டி செல்களும் பி செல்களும் அதைக் கடந்து நுழையும்போது அழற்சி மூள்கிறது. பாதிக்கப்பட்ட திட்டுகள் பலவற்றின் நடுவே ஒரு சிறு சிரை ஓடுவதை எம்.ஆர்.ஐ. படத்திலேயே காணலாம்.

அழற்சியின்போது சுரக்கும் சில புரதங்கள் புதிய குழாய்களை முளைக்கச் செய்கின்றன. திசுவுக்கு ஆக்சிஜன் தரும் நல்ல ஏற்பாடுதான் அது. ஆனால் முற்றாத அக்குழாய்கள் கசிவதால், காவலுள்ள வீட்டில் தாழ்ப்பாளில்லாத கதவுகளைப் புதிதாக வைத்ததுபோல், மேலும் செல்கள் உள்ளே வர வழியாகிவிடுகிறது.

எதிர்ப்புச் சக்தி குறைவதால் இந்நோய் வருகிறது என்று பலர் நினைப்பது தவறு; இலக்குத் தவறிய எதிர்ப்பே இதன் சிக்கல் என்பதால், மருந்துகள் அதைத் தணிக்கவே தரப்படுகின்றன.