எந்த முடிச்சை முதலில் அவிழ்ப்பது?

கேள்வி: புயலோ நிலநடுக்கமோ எங்கே, எவ்வளவு பலமாகத் தாக்கும் என்று யாருக்கும் தெரியாது. அப்படியிருக்க, மின்சாரம், குடிநீர், சாலைகளைச் சீரமைக்க இப்போதே திட்டம் போடுவது வீண் வேலைதானே? சேதத்தைப் பார்த்த பிறகு யோசித்தால் போதாதா?

பதில்: எந்த மின்கம்பம் சாயும் என்று தெரியாதுதான். கம்பங்கள் சாயும் என்பது தெரியுமல்லவா? திட்டம் போட அது போதும்.

பிறகு யோசிக்கலாம் என்கிறீர்கள். யோசித்ததை யாரிடம், எதில் சொல்வீர்கள்? செல்பேசிக் கோபுரத்தின் பேட்டரி சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஜெனரேட்டரை ஓட்ட டீசல் வேண்டும். பங்கில் டீசலை மேலே ஏற்ற மின்சாரம் வேண்டும். மின்கம்பியை இழுத்துக் கட்டப்போகும் லாரிக்குச் சாலை வேண்டும். சாலையில் விழுந்த மரத்தை அறுக்க, அதில் சிக்கிய கம்பியில் மின்சாரம் இல்லை என்று மின்துறை ஆள் வந்து சொல்ல வேண்டும். அவர் லாரியோடு மரத்துக்கு அந்தப் பக்கம் நிற்பார். மின்நிலையமே நின்றுபோனால் அதைத் திரும்பக் கிளப்பவும் வெளியிலிருந்து மின்சாரம் வர வேண்டும். நீர்மின் நிலையம் போன்ற சிலவே எளிதில் தாமாகக் கிளம்பும். அங்கிருந்து எந்தத் தடம் வழியாக எந்த நிலையத்தை எழுப்புவது என்பது இருட்டில் உட்கார்ந்து தேடும் விஷயமா?

ஜப்பானின் கோபே நகரில் 1995 ஜனவரி 17 அன்று நிலநடுக்கம். மின்சாரம் ஒரு வாரத்துக்குள் வந்துவிட்டது. குழாய் எரிவாயு முழுவதும் வர ஏறக்குறைய மூன்று மாதம் ஆனது. சோம்பல் காரணமில்லை. மண்ணுக்குள் உடைந்த குழாய்களில் தண்ணீரும் சேறும் புகுந்திருந்தன. பகுதி பகுதியாக அடைத்து, சேற்றை வெளியேற்றி, கசிவு பார்த்து, வீடு வீடாகச் சோதித்த பிறகே வாயுவைத் திறக்க முடியும். மின்சாரத்தைத் திரும்பக் கொடுப்பதில் அந்தப் பொறுமையைக் காட்டவில்லை. மின்சாரம் திரும்பியதும், கவிழ்ந்து கிடந்த ஹீட்டராலும் நசுங்கிய வயராலும் இடிந்த வீடுகள் சில தீப்பிடித்தன. சீக்கிரம் கொடுத்துவிட்டோம் என்று மார்தட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் படிக்கட்டும்.

அடித்த பிறகு யோசித்ததற்கும் உதாரணம் இருக்கிறது. 2017 செப்டம்பரில் மரியா புயல், அமெரிக்காவின் ஆட்சிக்கு உட்பட்ட கரீபியத் தீவான போர்ட்டோ ரிக்கோவின் மின்கட்டமைப்பைச் சாய்த்தது. அமெரிக்க மின் நிறுவனங்கள் ஆபத்தில் ஒன்றுக்கொன்று ஆள் அனுப்பி உதவும் ஏற்பாடு ஏற்கெனவே உண்டு. தீவின் மின்துறையினர் தொடக்கத்தில் அந்த உதவியைக் கேட்காமல், புயலின்போது இரண்டே முழுநேர ஊழியர்கள் வைத்திருந்த ஒரு நிறுவனத்துக்கு 30 கோடி டாலர் ஒப்பந்தத்தைக் கொடுத்தார்கள். கூச்சல் கிளம்பி அக்டோபர் கடைசியில் அதை ரத்துசெய்ய நேர்ந்தது. கடைசி வீடுகளுக்கு வெளிச்சம் வர ஏறத்தாழ 11 மாதம். யார் வருவார், என்ன கூலி, எங்கே தங்குவார், எந்தக் கிடங்கில் கம்பியும் மின்மாற்றியும் இருக்கின்றன என்பதையெல்லாம் வெயிலடிக்கும் நாளில் பேசி முடித்திருக்க வேண்டும். பெரிய மின்மாற்றி கடையில் கிடைக்காது. சொல்லிச் செய்ய ஓராண்டுக்கு மேல்கூட ஆகும்.

ஆனால் உங்கள் எரிச்சலையும் தள்ளிவிட மாட்டேன். அலமாரியில் தூசி படியும் திட்டங்களைப் பார்த்துத்தான் இப்படிக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படி ஒன்று கையில் கிடைத்தால் முதல் பக்கத்தில் இருக்கும் அவசரத் தொலைபேசி எண்ணைக் கூப்பிட்டுப் பாருங்கள். ஓய்வுபெற்று ஆறு வருடம் ஆன ஒருவர் எடுத்தால், இதே கேள்வியை அவர் வேலைபார்த்த அலுவலகத்துக்கு அனுப்புங்கள்.