கடிதத்தில் இல்லாத குழந்தை

அன்புள்ள ஐயா,

நான் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. என் வகுப்பில் ஒரு முரட்டுப் பையன் இருக்கிறான். தள்ளுவான், பிடுங்குவான், சென்ற வாரம் பக்கத்தில் இருந்த பெண்ணின் ஓவிய நோட்டைக் கிழித்துவிட்டான். அடிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நன்றாக நடந்துகொண்டால் நட்சத்திரம் ஒட்டும் ஸ்டார் சார்ட் வைத்தேன். இரண்டு வாரம் பலித்தது, பிறகு இல்லை. தண்டனைக்குப் பதிலாக வட்டமாக உட்காரவைத்துப் பேசி உறவைச் சீர்செய்யும் முறையை இப்போது பயிற்சியில் சொல்லித்தருகிறார்கள். இந்த முரடனிடம் அது எடுபடுமா? கண்டிப்பு தளர்ந்துவிடாதா? நட்சத்திரத்தைத் தொடரலாமா?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

கை ஓங்காமல் ஒரு வகுப்பை நடத்துவது எவ்வளவு களைப்பான வேலை என்பது எனக்குத் தெரியும். அந்த மரியாதையோடுதான் உங்களைக் கடிந்துகொள்ளப் போகிறேன்.

நட்சத்திரக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள், ஓவியம் வரைவதில் இயல்பாகவே ஆர்வம் கொண்டிருந்த மழலையர் பள்ளிக் குழந்தைகளில் சிலரிடம், வரைந்தால் தங்க நட்சத்திரம் பதித்த சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொல்லி வரையவைத்தார்கள். பிறகு பரிசுப் பேச்சே இல்லாத ஒரு நேரத்தில் கவனித்தபோது, அவர்கள் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றக் குழந்தைகள் செலவிட்டதில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. விருப்பத்தோடு செய்துவந்ததற்கே இந்தக் கதி என்றால், விருப்பமில்லாத ஒழுக்கத்துக்கு ஒட்டிய நட்சத்திரம் இரண்டு வாரம் தாங்கியதே பெரிது. சார்ட் சுவரில் இருந்தாலும் சரி, கழற்றினாலும் சரி.

என் மனம் வேறிடத்தில் நிற்கிறது. உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோதுதான் கவனித்தேன். பையன் முதல் வரியிலிருந்து கடைசி வரை இருக்கிறான், அதுவும் இரண்டு முறை முரடனாக. நோட்டு கிழிபட்ட பெண்ணுக்கோ ஒரு வாக்கியத்தில் பாதிதான் கிடைத்திருக்கிறது. அவள் அழுதாளா, இப்போது எங்கே உட்காருகிறாள், அந்த நோட்டில் என்ன வரைந்திருந்தாள் என எதையும் நீங்கள் எழுதவில்லை.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது, மூன்று நாள் உட்கார்ந்து வரைந்த ஒரு கப்பல் படத்தை, வண்ணப் பென்சில் தர மறுத்த கோபத்தில், என் பக்கத்து இருக்கைக்காரன் இரண்டாகக் கிழித்தான். ஆசிரியர் அவனை முட்டி போடவைத்தார். வகுப்பே அவனைத்தான் பார்த்தது. பத்து நிமிடம் கழித்து எழுப்பி, என்னிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். அவன் கேட்டான், ஆனால் கண் முழுக்க ஆசிரியர் மேல் இருந்தது. பிறகு அவர் என் பக்கம் திரும்பி, "பரவாயில்லை என்று சொல்" என்றார். சொன்னேன். அன்று அந்த வகுப்பில் பொய் சொன்னவன் நான் ஒருவன்தான். பாய்மரம் இருந்த பாதித் தாள், யாருடையதோ ஒரு செருப்புத் தடத்தோடு பெஞ்சுக்கு அடியில் கிடந்தது. அதை எடுக்க ஒருவரும் குனியவில்லை. மணி அடித்தபின் நானே எடுத்தேன்.

அன்று அவனுக்குத் தண்டனைக்குப் பதிலாக நட்சத்திரமோ அறிவுரையோ கிடைத்திருந்தாலும் என் கப்பல் பெஞ்சுக்கு அடியில்தான் கிடந்திருக்கும். கடுமையும் கனிவும் தவறு செய்தவனையே சுற்றிவருகின்றன. உங்கள் பயிற்சியில் சொல்லித்தரும் முறை பிறந்ததே இந்த இடத்தில்தான். 1974இல் கனடாவின் எல்மைரா என்ற சிற்றூரில் 22 பேரின் உடைமைகளைச் சேதப்படுத்திய இரண்டு இளைஞர்கள், ஒரு நன்னடத்தை அதிகாரியின் யோசனைப்படி, பாதிக்கப்பட்டவர்களின் கதவை ஒவ்வொன்றாகத் தட்டி, அவர்களை நேரில் பார்த்து, இழப்பை ஈடுசெய்ய வேண்டியிருந்தது. இந்தச் சிந்தனையை வளர்த்த ஹோவர்ட் ஸெர் முதலில் கேட்கச் சொல்வது, எந்த விதி மீறப்பட்டது என்பதை அல்ல. யாருக்குக் காயம், அவருக்கு என்ன தேவை, அதை நிறைவேற்றும் கடமை யாருடையது என்பதைத்தான்.

கண்டிப்பு தளராதா என்கிறீர்கள். முட்டி போடுவது பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். தான் கிழித்த நோட்டுக்கு உரியவளின் எதிரில் உட்கார்ந்து அவள் சொல்வதைக் கேட்பது ஒரு சிறுவனுக்கு அதைவிடக் கடினம். அதற்காக இந்த முறை எல்லாவற்றையும் தீர்க்கும் என்று நான் சொல்லமாட்டேன். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 44 பள்ளிகளில் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், பள்ளியிலிருந்து இடைநீக்கம் செய்யப்படுவது குறைந்தது. ஆனால் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை படிப்பு சற்றுச் சரிந்தது. வட்டமாக உட்காரவும் நேரம் வேண்டும், அந்த நேரம் எங்கிருந்தோ எடுக்கப்பட வேண்டும்.

அந்தப் பெண்ணை நேராக வட்டத்துக்கு இழுத்துவந்துவிடாதீர்கள். என்னைப் "பரவாயில்லை" சொல்லவைத்த அதே கொடுமை, வட்டமாக உட்காரவைத்துச் செய்தாலும் கொடுமைதான். முதலில் தனியாக, அவள் உயரத்துக்குக் குனிந்து, என்ன வேண்டும் என்று கேளுங்கள். பெரிதாக ஒன்றும் கேட்கமாட்டாள். தாளை ஒட்டித் தர வேண்டும் என்பாள், அல்லது ஒரு வாரம் வேறு இடத்தில் உட்காருகிறேன் என்பாள். அவனோடு பேசவே மாட்டேன் என்றாலும் அது அவள் உரிமை. அதற்குப் பிறகு பையனிடம் போங்கள். என்ன நடந்தது என்று கேளுங்கள். ஏன் செய்தாய் என்று கேட்டால் பொய்யோ மௌனமோதான் கிடைக்கும். தாளை ஒட்டுவதென்றால் பசையை அவன் கையில் கொடுங்கள், நீங்கள் ஒட்டாதீர்கள். கோணலாக ஒட்டட்டும்.

அவள் என்ன கேட்டாள் என்பதை எனக்கு எழுதுங்கள். அந்தக் கடிதத்தில் முரடன் என்ற சொல் இருக்காது என்று நம்புகிறேன்.

அன்புடன்.