மூன்று வேளையும் சோறு சாப்பிடும் ஜப்பானியர்களுக்கு வராத சர்க்கரை நோய் நமக்கு மட்டும் ஏன் வருகிறது? நம் வீட்டுச் சமையல்தான் காரணமா?

இந்தக் கேள்வியை நேற்று ராத்திரி பார்த்தேன். பதில் எழுதாமல் தூக்கம் வரவில்லை. கடைசி வரிதான் என்னை உட்கார வைத்தது. உங்கள் வீட்டில் யாருக்கோ இப்போதுதான் ரிப்போர்ட் வந்திருக்க வேண்டும். அடுப்படியில் நிற்கிறவரைப் பார்த்து யாரோ கை நீட்டியிருக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் இப்படிக் கேட்கத் தோன்றாது.

நான் டாக்டர் இல்லை. கணினித் துறையில் இருக்கிறேன். 2013-இல் இருந்து 2019 வரை டோக்கியோவில் வேலை பார்த்தேன், இப்போது சென்னை. மாத்திரை, ஊசி பற்றியெல்லாம் உங்கள் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும். எங்கள் வீட்டில் நடந்ததையும் அங்கே கண்ணால் பார்த்ததையும் மட்டும் எழுதுகிறேன்.

முதலில், ஜப்பானியர்களுக்குச் சர்க்கரை வராது என்பதே சரியில்லை. 2016-இல் அவர்கள் அரசு எடுத்த கணக்கெடுப்பிலேயே ஒரு கோடிப் பேருக்கு சர்க்கரை நோய் இருப்பதாக வலுவான சந்தேகம் என்று வந்தது. மூன்று வேளையும் சோறு என்பதும் பழைய கதை. 1962-இல் ஒரு ஆளுக்கு வருடத்துக்கு 118 கிலோ அரிசி சாப்பிட்டார்கள். இப்போது அது 50 கிலோ அளவுக்கு இறங்கிவிட்டது. என் அலுவலகத்தில் பாதிப் பேருக்குக் காலையில் ரொட்டி, மத்தியானம் நூடுல்ஸ். சரி, ஆனாலும் ஊரில் குண்டானவர்கள் குறைவுதான், அதை நானும் பார்த்தேன். உங்கள் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை.

இனி என் அப்பா.

அப்பா மன்னார்குடிப் பக்கம் தபால்காரர். நாலு கிராமம் அவருடையது. போக வர, சந்து பொந்து எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 25 கிலோமீட்டருக்குக் குறையாமல் சைக்கிள் மிதிப்பார். காலையில் பழைய சோறு, சின்ன வெங்காயம், மோர் மிளகாய். மத்தியானத்துக்குத் தூக்குச் சட்டியில் குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறு. ராத்திரி வந்ததும் மறுபடி சோறு, ரசம், மோர். அவர் ஒரு வேளைக்குச் சாப்பிட்ட சோற்றை இன்றைக்கு எந்த உணவு ஆலோசகரிடமும் சொல்ல முடியாது, அவ்வளவு. அறுபது வயது வரைக்கும் ஒரு தலைவலி மாத்திரை போட்டவரில்லை.

2003-இல் ஓய்வு பெற்றார். நான்தான் இரண்டு பேரையும் மடிப்பாக்கத்துக்குக் கூட்டி வந்தேன். சைக்கிளையும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். கொஞ்ச நாள் காய் வாங்க, கோயிலுக்குப் போக என்று ஓட்டினார். 2004-இல் ஒரு நாள் தண்ணி லாரி உரசியதில் கீழே விழுந்து முழங்கை சிராய்த்துக்கொண்டு வந்தார். அன்றைக்கு மாடிப்படிக்குக் கீழே நிறுத்தியதுதான். சீட்டின் மேல் அவர் போட்டு வைத்த பச்சை உறை அப்படியே இருந்தது, இரண்டு டயரும் தரையோடு ஒட்டிப்போயின. அதன் பிறகு அவருக்கு நாற்காலி, பேப்பர், டிவி. 2006-இல் சர்க்கரை என்று தெரிந்தது. அப்போது எடை 61 கிலோ, உயரம் 170 சென்டிமீட்டர். ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டரே அவரை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார், "ஒல்லியாத்தானே இருக்கீங்க" என்றார்.

2012-இல் இடது காலில் இரண்டு விரலை எடுக்க வேண்டி வந்தது. 2017-இல் போய்விட்டார். நான் டோக்கியோவில் இருந்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. காரியத்துக்கு வந்த என் அத்தை, அப்பாவின் அக்கா, கூடத்தில் அத்தனை பேர் நடுவில் வைத்து என் அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "வேளா வேளைக்குக் குண்டான் குண்டானா வடிச்சுக் கொட்டியே என் தம்பியை அனுப்பி வெச்சுட்டியேடி."

அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை.

அந்த வாக்கியம் எவ்வளவு தவறு என்று எனக்கு அப்போதே தெரியும். அதே கை, அதே புழுங்கலரிசி, அதே ரசம். நாற்பது வருஷம் ஒன்றும் செய்யாத சோறு மூன்றே வருஷத்தில் எப்படி விஷமானது? சென்னைக்கு வந்த பிறகு அம்மா உலையில் போடும் அரிசியைக் குறைத்துத்தான் இருந்தார். மாறியது சைக்கிள் மட்டும்தான். வயதானால் வரத்தான் செய்யும் என்று ஒருவர் சொல்வார், உண்மைதான், வயதும் ஒரு காரணம். பரம்பரை என்று இன்னொருவர் சொல்வார், அதையும் மறுக்கவில்லை. ஆனால் வடித்தவர் ஒருத்தர் தலையில் மட்டும் கொண்டுபோய் இறக்காதீர்கள் என்கிறேன்.

இப்போது டோக்கியோ கதை. நான் போகும்போது வயது 41, எடை 78 கிலோ. அங்கே 2008-இல் இருந்து 40 முதல் 74 வயது வரை உள்ளவர்களுக்கு வருடா வருடம் ஒரு பரிசோதனை உண்டு. தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து இடுப்பை அளப்பார்கள். ஆணுக்கு 85 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 90. எனக்கு 94. மூன்று மாத சராசரிச் சர்க்கரை 6.1. குண்டாக இருந்தால் ஜப்பானில் அபராதம் போடுவார்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அது பொய். தனி ஆளுக்கு அபராதம் எதுவும் இல்லை. இலக்கை எட்டாத காப்பீட்டு அமைப்புகள்தான் கூடுதலாகப் பணம் கட்ட வேண்டி வரும்.

எனக்கு நடந்தது இதுதான். அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு சுகாதார ஆலோசகர் அம்மா என்னை உட்கார வைத்துப் பேசினார். சோற்றை நிறுத்து என்று அவர் சொல்லவே இல்லை. வீட்டில் இருந்து ஸ்டேஷன் எவ்வளவு தூரம், எந்த மாடியில் குடியிருக்கிறாய், ரயிலில் உட்கார இடம் கிடைக்கிறதா, இதையெல்லாம்தான் முதலில் கேட்டார். அப்புறம் ஒரு சின்ன சமையல் தராசு வாங்கி, ஒரு வேளைச் சோற்றை எடை போட்டுப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். அன்று ராத்திரி என் தட்டில் இருந்த சோறு 480 கிராம். அவர்கள் கிண்ணத்தில் ஒரு வேளைக்குப் பிடிப்பது 150 கிராம். அந்தக் கிண்ணத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள், நம் வீட்டுக் குழம்புக் கிண்ணத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. இரண்டாவது தடவை வாங்கிச் சாப்பிடுகிறவர்களும் உண்டு, ஆனால் எழுந்து போய் வாங்க வேண்டும். கடைசியாக, தினமும் இப்போது நடப்பதைவிடப் பத்து நிமிஷம் கூட நட என்றார். அவ்வளவுதான் வைத்தியம்.

ஒரு வருஷத்தில் எடை 70-க்கு வந்தது, இடுப்பு 86, சர்க்கரை 5.6. என் மனைவி வைத்தது அதே சாம்பார்தான். இதில் என் கட்டுப்பாடு என்று பெருமை பேச ஒன்றும் இல்லை. நிஷி கசாயில் பழைய ஐந்து மாடிக் குடியிருப்பு, லிஃப்ட் கிடையாது, எங்களுக்கு நாலாவது மாடி. ஸ்டேஷனுக்குப் பன்னிரண்டு நிமிஷ நடை. தோசாய் ரயில் தடத்தில் காலை நேரத்தில் மூச்சு விட இடம் இருக்காது, உட்காருவது எங்கே. ஓத்தேமாச்சியில் இறங்கினால் பூமிக்கடியில் மறுபடி ஒரு நடை. ஜிம் பக்கமே போகாமல் தினம் 11,000 அடி ஆனது. என் அப்பாவை சைக்கிள் காப்பாற்றிய மாதிரி என்னை அந்த ஊர் காப்பாற்றியது.

அங்கே தெருக்கள் நடக்கிற மாதிரி இருப்பதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. வண்டி நிறுத்தச் சொந்தமாகவோ வாடகைக்கோ இடம் இருப்பதைக் காட்டினால்தான் கார் வாங்க முடியும். 1962-இல் கொண்டுவந்த சட்டம். வீட்டு வாசலில் தெருவை அடைத்து யாரும் காரை விடுவதில்லை. ஆறு வயதுப் பிள்ளைகள் முதுகில் பையோடு கூட்டம் கூட்டமாகப் பள்ளிக்கு நடந்தே போகும். தினமும் அதைப் பார்த்துவிட்டுத்தான் ஸ்டேஷனுக்குப் போவேன்.

இதற்காக ஜப்பானை நான் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அங்கே வீடு பார்த்த கதை இன்றும் மனதில் ஆறவில்லை. ஏழு வீட்டுக்காரர்கள் மறுத்தார்கள். தரகர் ஒவ்வொரு தடவையும் தலையைக் குனிந்து, மசாலா வாசனை சுவரில் ஏறிவிடும் என்று வீட்டுக்காரர் யோசிக்கிறார் என்பார். என் மனைவி முதல் ஒரு வருஷம் ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் கடுகு தாளித்தாள். வேலைக்கு வா என்று கூப்பிட்ட ஊரில், தாளிக்கப் பயந்துகொண்டு இருந்தோம். கேள்விக்கு இது சம்பந்தமில்லைதான், தெரியும். எழுதாமல் விட மனசு வரவில்லை.

"அதெல்லாம் ஜப்பானியர் ரத்தம், நமக்குப் பொருந்தாது" என்று எப்படியும் ஒருவர் கீழே எழுதுவார். அவருக்காக இரண்டு விஷயம். 1965 வாக்கில் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வில் ஹிரோஷிமா, நாகசாகியில் இருந்த ஜப்பானிய ஆண்களையும், ஹவாயிலும் கலிஃபோர்னியாவிலும் குடியேறிய ஜப்பானிய ஆண்களையும் ஒப்பிட்டார்கள். மாரடைப்பு ஜப்பானில் குறைவு, ஹவாயில் அதைவிட அதிகம், கலிஃபோர்னியாவில் எல்லாவற்றையும்விட அதிகம். ரத்தம் ஒன்றுதான். இன்னொன்று ஒகினாவா. நீண்ட ஆயுளுக்கு உலகமே உதாரணம் காட்டிய தீவு. 1995-இல் ஆண்களின் ஆயுளில் ஜப்பானிலேயே நாலாவது இடம், 2000-இல் 26-ஆவது இடம். போர் முடிந்து 1972 வரை அமெரிக்க நிர்வாகத்தில் இருந்த இடம் அது. பர்கர் கடைகள் அங்கே சீக்கிரமே வந்துவிட்டன. போருக்குப் பிறகு 2003-இல் மோனோரயில் வரும் வரை ரயிலே இல்லை, எல்லோரும் கார். தீவு அதே இடத்தில்தான் இருக்கிறது.

நல்லபடியாக மாறிய ஊரும் உண்டு. நாகானோ என்ற மலைப்பகுதியில் உப்பு ஊறுகாயும் மிசோ என்ற சோயா விழுதில் செய்த சூப்புமாகச் சாப்பிட்டு, பக்கவாதத்தில் நிறையப் பேர் போனார்கள். உள்ளூர்ப் பெண்களே தன்னார்வலர்களாகச் சேர்ந்து வீடு வீடாகப் போய் சூப்பில் எவ்வளவு உப்பு என்று அளந்து சொன்னார்கள். 2010 கணக்கில் ஆண், பெண் இரண்டு பேருக்கும் ஆயுளில் நாகானோதான் முதலிடம்.

நம் உடம்பில் ஒரு வித்தியாசம் இருப்பதும் நிஜம், அதை மறைக்கவில்லை. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஞ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கினும் தங்கள் இருவரையே அளந்து 2004-இல் ஒரு படம் வெளியிட்டார்கள். இரண்டு பேருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்தையும் எடையையும் சேர்த்துப் பார்க்கும் கணக்கு, 22.3. வெள்ளைக்காரர் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், நம் ஆள் உடம்பில் 21.2 சதவீதம். பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. என் அப்பாவுக்கு ஏன் வந்தது என்று அந்தப் படத்தைப் பார்த்தபோதுதான் எனக்குக் கொஞ்சம் புரிந்தது. அதனால்தான் நமக்கு 23-லேயே கவனம், 25-லேயே உடல் பருமன் என்று இங்கே கணக்கு வைத்திருக்கிறார்கள், ஆணுக்கு இடுப்பு 90, பெண்ணுக்கு 80. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வுப்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை. இத்தனை கோடி வீட்டிலுமா சமைத்தவர் தப்பு செய்திருப்பார்?

2019-இல் திரும்பி வந்தேன். அந்த 150 கிராம் கிண்ணங்களில் நாலைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தோம், இன்றும் அதில்தான் சாப்பிடுகிறேன். ஆனாலும் ஒரே வருஷத்தில் ஏழு கிலோ ஏறியது. லிஃப்டில் இறங்கி, வண்டியில் ஏறி, அலுவலகத்தில் மறுபடி லிஃப்ட். ஐந்து நிமிஷ நடையில் இருக்கும் கடைக்கும் வண்டிதான், ஏனென்றால் நடைபாதையில் முதலில் டிரான்ஸ்ஃபார்மர், அப்புறம் நாலு பைக், அப்புறம் மூடாத மழைநீர்க் கால்வாய். மனசிருந்தால் நடக்கலாம் என்பவர்கள் சாயங்காலம் ஏழு மணிக்கு எங்கள் தெருவில் தன் எழுபது வயது அம்மாவை நடக்க அனுப்பிப் பார்க்கட்டும். இப்போது ஐந்து மாடியும் படியில்தான் ஏறுகிறேன், அதில் நாலு கிலோ இறங்கியிருக்கிறது.

உங்கள் வீட்டில் செய்ய வேண்டியதைக் கேட்டால், ஒரு தராசு வாங்கிச் சோற்றை எடை போட்டுப் பாருங்கள். ரிப்போர்ட் வந்தவர் ஒரு நாளில் எத்தனை நிமிஷம் நடக்கிறார் என்று எழுதி வையுங்கள். ஆனால் அதற்கு முன்னால் அடுப்படியில் இருப்பவரிடம், உன் மேல் தப்பில்லை என்று சொல்லிவிடுங்கள். தள்ளிப் போடாதீர்கள். நான் சொல்ல இரண்டு வருஷம் ஆனது.

திரும்பி வந்த முதல் வாரம். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார், அவருக்கு மட்டும் அரை ஆழாக்கு. அப்பா போனதில் இருந்து ராத்திரி சோறு சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார் என்று எனக்கு அதுவரை தெரியாது. பக்கத்தில் போய் நின்றேன். லாரி உரசிய அன்றைக்கு, இனிமேல் சைக்கிளை எடுக்காதீர்கள் என்று அப்பாவிடம் கத்தியது நான்தான். அதை அம்மாவிடம் சொன்னேன். "உன் சோறு இல்லம்மா, நான்தான் சைக்கிளை நிறுத்தினேன்."

அம்மா ஒன்றும் சொல்லாமல் களைந்த தண்ணீரை எடுத்துப்போய் வாசலில் கறிவேப்பிலைக்கு ஊற்றினார். திரும்பி வந்து, "நீ பயத்துல சொன்னேப்பா" என்றார். அப்புறம், "அவருக்கு அந்த சைக்கிள்னா உசுரு" என்றார். அன்று ராத்திரி எங்களோடு உட்கார்ந்து சோறு சாப்பிட்டார்.