ஆங்கிலேய ஆட்சிக்கு எதிராக மலைவாசிகள் நடத்திய ரம்பா கிளர்ச்சியில் (1922–24) ஏன் முதலில் காவல் நிலையங்களைத் தாக்கினார்கள்?

சுருக்கமான பதில்: துப்பாக்கிக்காக. வில்லும் அம்பும் மட்டும் வைத்துக்கொண்டு நெடுநாள் தாக்குப்பிடிக்க முடியாது என்பது கிளர்ச்சித் தலைவர் அல்லூரி சீதாராம ராஜுவுக்குத் தெரிந்திருந்தது.

இடம், அன்றைய சென்னை மாகாணத்தின் (இன்றைய ஆந்திரத்தின்) கூடெம், ரம்பா மலைப்பகுதி. கோயாக்களும் பிற மலைவாசிகளும் ‘போடு’ சாகுபடி செய்தவர்கள்: ஒரு துண்டு காட்டை வெட்டி எரித்து, சாம்பலில் விதைத்து, மண் சாரமிழந்ததும் அடுத்த இடத்துக்கு நகர்வார்கள். 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காட்டை அரசின் காப்புக்காடாக்கியபோது, இந்த நகர்தலே குற்றமாகிவிட்டது. போதாததற்கு மலைச்சாலை போட அற்பக் கூலிக்குக் கட்டாய வேலை வேறு.

1922 ஆகஸ்ட் 22, 23, 24 ஆகிய மூன்றே நாட்களில் சிந்தப்பள்ளி, கிருஷ்ணதேவிப்பேட்டை, ராஜவொம்மங்கி நிலையங்கள் அடுத்தடுத்து விழுந்தன. கிடைத்தவை: 26 துப்பாக்கிகள், 2,500க்கும் மேற்பட்ட தோட்டாக்கள். எடுத்ததற்குக் கணக்கும் எழுதி வைத்துவிட்டுப் போனார் ராஜு (திருட்டு என்ற பேச்சுக்கே இடமில்லாமல்!). செப்டம்பர் 24 அன்று தாமனப்பள்ளியில் பதுங்கித் தாக்கியதில் இரண்டு வெள்ளை அதிகாரிகள் இறந்தனர்.

பலவீனமும் அங்கேதான் இருந்தது. பிடித்த தோட்டா தீர்ந்தால் மறுபடி நிரப்ப வழியில்லை. அரசோ மலபார் சிறப்புக் காவல்படையையும் அசாம் ரைபிள்ஸையும் இறக்கியது. 1924 மே 7இல் ராஜு பிடிபட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய தளபதி கந்தம் தொரா அடுத்த மாதமே வீழ்ந்தார். கந்தம் தொராவின் தம்பி மல்லு தொரா மட்டும் சிறை சென்று மீண்டு, 1952இல் நாடாளுமன்ற உறுப்பினரானார்.