ஃபில்டர் செலவில்லாத அயனைசர் லாபமா?

கேள்வி: அம்பத்தூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். ஏழு வயது மகனுக்கு அடிக்கடி வீசிங் வருகிறது. படுக்கையறைக் காற்றைச் சுத்தம் செய்ய 15,000 ரூபாயில் அயனைசர் என்ற மெஷின் ஒன்றைப் பார்த்தோம். ஃபில்டர் மாற்றும் செலவே கிடையாதாம். நோ காஸ்ட் இஎம்ஐயில் 9 மாதம் கட்டலாம். ஹெப்பா ஃபில்டர் உள்ள ஏர் ப்யூரிஃபையர் 11,000தான், ஆனால் வருடத்துக்கு ஒரு ஃபில்டர், 2,500 ரூபாய். மாத வருமானம் 45,000, சேமிப்பு 40,000. எதை வாங்குவது?

பதில்: முதலில் கணக்கு. ப்யூரிஃபையரை ஐந்து வருடம் வைத்திருந்தால், முதல் ஃபில்டர் கூடவே வந்துவிடும். மீதி நான்குக்கு 10,000. 40 வாட் மெஷினை தினம் 10 மணி நேரம் ஓட்டினால் மாதம் 12 யூனிட். யூனிட்டுக்கு 6 ரூபாய் என்று போட்டால் ஐந்து வருடத்தில் 4,320. மொத்தம் சுமார் 25,300, அதாவது மாதம் 420 ரூபாய். அயனைசருக்கு மாதம் 250தான். (இரண்டு மாத பில் 500 யூனிட்டை ஒட்டி வருகிற வீடு என்றால் இந்த 24 யூனிட்டையும் யோசியுங்கள், அதைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறும்.)

ஆக, 170 ரூபாய் மிச்சம். ஆனால் எதனால் மிச்சம் என்று பாருங்கள். அயனைசர் காற்றிலுள்ள தூசுக்கு மின்னேற்றம் கொடுக்கிறது. தூசு போய் சுவரிலும் தரையிலும் படுக்கையிலும் ஒட்டிக்கொள்கிறது. வீட்டை விட்டுப் போவதில்லை. பையன் மெத்தையில் குதித்தால் திரும்பக் கிளம்பும். உள்ளே தூசு பிடிக்கும் தகடு வைத்த மாடல்களும் உண்டு, அவற்றிலும் காற்று போதிய அளவு ஓடினால்தான் பலன். ஹெப்பா ஃபில்டர் 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் அழுக்காகிறது, அதனால்தான் மாற்றவேண்டி வருகிறது. நீங்கள் கொடுக்கிற 2,500 அந்த வேலைக்கான கூலி.

இன்னொரு விஷயம் பணத்தைவிடப் பெரியது. பல அயனைசர்கள் ஓசோன் வெளியிடும். அது மூச்சுக்குழாயை உறுத்தும், ஆஸ்துமாவைக் கிளறிவிடும். கலிஃபோர்னியாவில் 2010 முதல், 0.050 பிபிஎம்முக்கு (பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) மேல் ஓசோன் விடுகிற காற்றுச் சுத்திகரிப்பான்களை விற்கவே முடியாது. வீசிங் உள்ள குழந்தையின் அறைக்கு இலவசமாகக் கிடைத்தாலும் நான் அயனைசரைச் சொல்லமாட்டேன். ப்யூரிஃபையரிலும் 'அயான்', 'பிளாஸ்மா' என்று ஒரு பொத்தான் இருக்கலாம். அதைத் தனியாக அணைக்க முடிகிற மாடலாகப் பாருங்கள்.

நோ காஸ்ட் இஎம்ஐ பற்றி: வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என ரிசர்வ் வங்கி 2013லேயே சொல்லிவிட்டது. பெரும்பாலும் வட்டிக்குச் சமமான தொகையை விலையில் தள்ளுபடியாகக் காட்டுவார்கள். கிரெடிட் கார்டு என்றால் அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உங்கள் தலையில். 900 ரூபாய் வட்டிக்கு 162. பிராசஸிங் கட்டணம் தனி. ரொக்கத்துக்குக் கடைக்காரர் குறைப்பாரா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

சரி, உடனே 11,000 போடலாமா? 40,000 என்பது உங்கள் ஒரு மாதச் சம்பளம்கூட இல்லை. அவசரத் தேவைக்கு அதுதான் இருக்கிறது. எனவே முதலில் காசில்லாத வேலைகள்: கொசுவர்த்திச் சுருளையும் சாம்பிராணியையும் நிறுத்தி வலை கட்டுங்கள், பெருக்குவதற்குப் பதில் ஈரத்துணியால் துடையுங்கள், சமைக்கும்போது எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும். மாதம் 2,500 தனியே எடுத்து வையுங்கள், ஐந்தாம் மாதம் ரொக்கமாக வாங்கலாம். டாக்டர் உடனே வேண்டும் என்றால் காத்திருக்காதீர்கள். சேமிப்பிலிருந்து எடுத்துவிட்டு அதே 2,500ஐ அங்கே திருப்பிப் போடுங்கள்.

வாங்கும்போது பெட்டியில் 'இத்தனை சதுர அடி' என்று போட்டிருப்பதை விட்டுவிட்டு சிஏடிஆர் எண்ணைக் கேளுங்கள், அதாவது மணிக்கு எத்தனை கன மீட்டர் சுத்தமான காற்று தரும் என்பதை. 10க்கு 12 அறை, 10 அடி உயரம் என்றால் சுமார் 34 கன மீட்டர்; மணிக்கு ஐந்து முறை காற்று சுத்தமாக சிஏடிஆர் 170 வேண்டும். அந்த மாடலின் ஃபில்டர் தனியாகக் கிடைக்கிறதா, இன்றைய விலை என்ன என்பதையும் பணம் கட்டுவதற்கு முன் பார்த்துவிடுங்கள்.