ரேஸுக்குப் போகிற வழி பஞ்சிகாவத்தையால்

கேள்வி: எனக்கு 19 வயது. உயர்தரத்தில் பொறியியல் தொழில்நுட்பம் படித்தேன், பெறுபேறு சுமார்தான். ரேஸ் டீம் ஒன்றில் மெக்கானிக்காக வேலை செய்ய ஆசை. யூடியூப்பில் நிறையப் பார்த்திருக்கிறேன், ஆனால் கையால் செய்த அனுபவம் இல்லை. கனடாவில் இருக்கும் மாமா காசு தருகிறேன் என்கிறார். பழைய நிசான் மார்ச் ஒன்று வாங்கி, அதை ரேஸ் காராக மாற்றியபடியே வேலை பழகலாமா? அப்பாவோ, “கிரீஸ் பூசவா உன்னைப் படிக்க வைத்தேன்?” என்கிறார்.
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: கார் வேண்டாம் தம்பி, இப்போதைக்கு. மார்ச்சுக்கென்றே இங்கே ஒரு பந்தயப் பிரிவு இருப்பதால் ஆசை வருவது நியாயம்தான். ஆனால் வேலை தெரியாமல் கழற்றினால் பாதியில் நின்றுவிடும், மாமாவின் காசும் போய்விடும். போல்ட்டைக் குறித்த அளவுக்கு இறுக்க உதவும் நல்ல டோர்க் ரெஞ்ச் ஒன்றும் சொக்கட் செட் ஒன்றும் கேளுங்கள், அது போதும்.

வாகன உதிரிப்பாகக் கடைகளுக்குப் பேர்போன பஞ்சிகாவத்தை உங்கள் வீட்டிலிருந்து கொஞ்சத் தூரத்தில்தான் இருக்கிறது. அந்தப் பக்கமும் மருதானைப் பக்கமும் நடந்து, எஞ்சினையும் கியர் பொக்ஸையும் உண்மையாகவே பிரித்து வேலை செய்கிற கராஜ் ஒன்றைத் தேடுங்கள். ஸ்டிக்கரும் பொடி கிட்டும் ஒட்டுகிற பளபளப்பான இடங்களில் நீங்கள் பழக அதிகமில்லை. பாஸிடம், அதாவது கராஜின் மூத்த மெக்கானிக்கிடம், சம்பளத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன், “எஞ்சின் இறக்கும்போது நானும் நிற்கலாமா?” என்று கேளுங்கள்.

முதல் சில மாதம் பார்ட்ஸ் கழுவத்தான் விடுவார்கள். முகம் சுளிக்க வேண்டாம். பிஸ்டனின் எந்தப் பக்கம் கீறியிருக்கிறது, எந்த பெயரிங் தேய்ந்திருக்கிறது என்று கழுவுகிறவனுக்குத்தான் முதலில் தெரியும். அப்புறம், கம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் உள்ள அழுத்தம், பார்க்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். ஒரு சிலிண்டரில் அழுத்தம் குறைவாகக் காட்டினால், பிளக் துவாரத்தால் கொஞ்சம் எஞ்சின் ஒயில் விட்டு மறுபடி பார்ப்பார்கள். அழுத்தம் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். ஏறாவிட்டால் வால்வையோ ஹெட் கஸ்கெட்டையோ சந்தேகப்பட வேண்டும். இதை வீடியோவில் பார்ப்பது வேறு, கேஜைக் கையில் பிடித்தபடி நீங்களே தீர்ப்புச் சொல்வது வேறு.

எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைப் பிடிக்கிற போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளியே, படிப்படியாக இறுக்கப் பழகுங்கள். ரேஸில் இறுக்கிய போல்ட்டின் மேல் பெயின்ட் பேனாவால் ஒரு கோடும் போடுவார்கள். அதிர்வில் போல்ட் அசைந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். சாதாரண வாகனத்திலும் இப்படிச் செய்யுங்கள், பாஸ் சிரித்தாலும் பரவாயில்லை. பிரேக் ஒயிலிலும் அதே கவனம் வேண்டும். டொட் 4 என்ற தர பிரேக் ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரம். ஈரம் இழுத்த பிறகு அந்த எல்லை 155 ஆக இறங்கிவிடும். மலை இறக்கத்தில் ஒயில் கொதித்து, பெடல் தரையைத் தொடுவதற்கு இது ஒன்றே போதும். எதை எப்போது மாற்றினீர்கள், எவ்வளவுக்கு இறுக்கினீர்கள் என்று திகதியோடு கொப்பியில் எழுதி வையுங்கள். பிறகு ஒரு டீமிடம் காட்ட உங்களிடம் இருக்கப்போவது அந்தக் கொப்பிதான்.

கொஞ்சம் கை பழகியதும் பந்தயங்களுக்குப் போகத் தொடங்குங்கள். நுவரெலியாவில் மஹகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயம், நடக்கிறபோது தியத்தலாவையில் பொக்ஸ் ஹில் பந்தயம், களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்தப் பந்தயம். இங்கே பல டீம் என்றால் ஒரு கார்க்காரர், ஒரு பாஸ், இரண்டு உதவியாள்கள், அவ்வளவுதான். ஆள் எப்போதும் குறைவு. டயர் தூக்குகிறேன், காற்று பார்க்கிறேன் என்று கேட்டால் இடம் கிடைக்கும். ‘எஞ்சின் டியூன் பண்ணத் தெரியும்’ என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள்! நிற்கச் சொன்ன இடத்தில் மட்டும் நில்லுங்கள். 2024 ஏப்ரலில் பொக்ஸ் ஹில்லில் பாதையை விட்டு விலகிய கார் மோதி ஏழு பேர் இறந்ததை நாமெல்லாம் பார்த்தோம்.

அப்பாவுக்குத் தேவை ஒரு சான்றிதழ் என்று நினைக்கிறேன், அவர் கேட்பதிலும் பிழையில்லை. மொரட்டுவையில் ஜேர்மன் டெக் என்ற தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே இடம் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு சேருங்கள், கராஜை விடுமுறைக்கு வைத்துக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால், கராஜில் பழகிய வேலையையே, தொழிற்பயிற்சிக்கான அரச அமைப்பான நைட்டாவில் மதிப்பிட்டு என்விகியூ என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் பெற வழி உண்டு.

வெளிநாடு என்றதும் நேரே ஐரோப்பாவை நினைக்கிறோம். எனக்கென்றால் முதலில் சென்னைதான் தோன்றுகிறது. இருங்காட்டுக்கோட்டையில் 1990இலிருந்து பந்தயப் பாதை இருக்கிறது, கோயம்புத்தூரிலும் ஒன்று உண்டு, மொழிப் பிரச்சினையும் இல்லை. முதல் தடவை பார்வையாளராகப் போய் நாலு டீம்காரரோடு பேசிவிட்டு வாருங்கள். வேலை என்று வந்தால் அதற்குரிய விசாவை முறையாக எடுத்துக்கொண்டு போங்கள், சுற்றுலா விசாவில் வேலைக்கு இறங்க வேண்டாம்.