ஓர்கன் வாங்க முதல்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில கீபோட் (எங்கட ஆக்கள் ஓர்கன் எண்டுறது) பற்றி ஒரு சின்னப் பதில் எழுதினாப் பிறகு அதே விசயத்தில கனக்கக் கேள்வி வந்து சேர்ந்திருக்கு, அதால இந்தமுறை முழுப் பக்கமும் அதுக்குத்தான். ஒரே மாதிரி வந்த கேள்வியளை ஒண்டாச் சேர்த்திட்டன், குறை நினையாதேங்கோ.

கேள்வி: அண்ணை, நாங்கள் தர்மபுரத்தில ஆறு பேர் சேர்ந்து ஒரு இசைக்குழு துடங்கியிருக்கிறம். கோயில் திருவிழா, கலியாண வீடு, சாமத்திய வீடு எண்டு கூப்பிடினம். இவ்வளவு நாளும் இரவல் கீபோட். இப்ப சொந்தமா ஒண்டு எடுக்கக் காசு சேர்த்திருக்கிறம். ஒருத்தர் யமஹா பிஎஸ்ஆர் எஸ்எக்ஸ்600 எடு எண்டுறார், மற்றவர் றோலண்ட் எக்ஸ்பிஎஸ்-30 தான் மேடைக்குச் சரி எண்டுறார். எதை எடுக்கிறது?

பதில்: தம்பி, உங்கட ஆறு பேரில தபேலாவுக்கும் டிரம்ஸுக்கும் ஆள் இருக்கோ இல்லையோ எண்டு எழுதேல்லை, பதில் அதிலதான் கிடக்கு. எஸ்எக்ஸ்600 அரேஞ்சர் வகை. இடக்கையால கோட் பிடிச்சால், அதாவது மூண்டு நாலு சுரத்தை ஒண்டா அமத்தினால், தாளம், பேஸ், கிற்றார் எல்லாம் தானே ஓடி வரும், ஸ்பீக்கரும் உள்ளுக்கையே இருக்கு. ரெண்டு மூண்டு பேர் மட்டும் போய் கலியாண வீட்டில வாசிக்கிறவைக்கு அது பெரிய உதவி. எக்ஸ்பிஎஸ்-30 சிந்தசைசர், அதில அப்பிடித் தாளம் ஓடாது, ஸ்பீக்கரும் இல்லை, ஆனால் சத்தங்களை உங்கட விருப்பத்துக்கு அடுக்கலாம், வெளியில இருந்தும் சத்தம் ஏத்தலாம். தாளத்துக்கு ஆள் இருந்தால் சிந்தசைசர் எடுங்கோ. அரேஞ்சரின்ர ஸ்டைலையும் போட்டுவிட்டு பக்கத்தில தபேலாக்காரரும் வாசிச்சால் மனுசர் கொஞ்சம் முன்னபின்னப் போவார், மெசின் போகாது, ரெண்டு மாடு ரெண்டு பக்கம் இழுத்த வண்டில் மாதிரித்தான் பாட்டு வரும்.

எதை எடுத்தாலும் சுரத்தை வளைக்கிற பிச் பெண்ட் சில்லு இருக்கோ எண்டு பாருங்கோ, எங்கட பாட்டுக்கு அது இல்லாமல் ஏலாது. நாதஸ்வரம், வயலின், புல்லாங்குழல் எல்லாம் ஒரு சுரத்தில இருந்து மற்றதுக்கு வழுக்கிப் போற வாத்தியம், கட்டையை மட்டும் அமத்தினால் அது ஹோர்ன் அடிச்ச மாதிரித்தான் இருக்கும். யமஹா பிஎஸ்ஆர்-இ373இல அந்தச் சில்லு இல்லை, இ473இல இருக்கு, பேரில ஒரு நம்பர்தான் வித்தியாசம் எண்டு விலையைப் பார்த்துக் குறைஞ்சதை எடுத்துப்போட்டுக் கவலைப்படாதேங்கோ. 700 சத்தம் இருக்கு 1000 சத்தம் இருக்கு எண்டு கடையில சொல்லுவினம், ஒரு இரவுக்கு நீங்கள் பாவிக்கிறது பதினைஞ்சோ இருபதோதான்.

இன்னொண்டு, பற்றரியில ஓடுமோ எண்டு கேளுங்கோ. றோலண்ட் ஜூனோ டிஎஸ்61 எட்டு டபுள் ஏ பற்றரியில ஓடும், பாரமும் 5.3 கிலோதான், மோட்டச்சைக்கிளில முதுகில கட்டிக்கொண்டு போகலாம். கரண்ட் நிண்டு ஜெனரேற்றர் எடுக்கிறதுக்குள்ள கீபோட் அணைஞ்சு திரும்பப் பத்தி, நீங்கள் போட்டு வச்ச செற்றிங் எல்லாம் போய், பாடகர் மைக்கோட நிக்கிற அந்த ஒரு நிமிசம் இருக்கே, அது பற்றரி போட்டால் வராது.

2022இல டொலர் 200இல இருந்து 360க்கு ஏறினதோட புதுசு எடுக்கிறது கனபேருக்குக் கையெட்டாத விசயமாப் போச்சு, அதால பழசு வாங்கிறதில ஒரு பிழையும் இல்லை. ஆனால் ஒரு வேலை செய்யுங்கோ. பியானோச் சத்தம் வச்சு, 61 கட்டையையும் ஒவ்வொண்டா முதல்ல மெல்லமாவும் பிறகு பலமாவும் அமத்திப் பாருங்கோ. ஒவ்வொரு கட்டைக்குக் கீழயும் ரப்பரில ரெண்டு தொடுப்பு இருக்கு, முதல் தொடுப்புக்கும் ரெண்டாவதுக்கும் இடையில எவ்வளவு நேரம் எண்டு அளந்துதான் கீபோட் சத்தம் கூடவோ குறையவோ எண்டு முடிவெடுக்குது. அதில தூசி போனால் மெல்லத் தொட்டாலும் கத்தும், இல்லாட்டி பேசாமல் கிடக்கும். என்ர ஓர்கனில நடுவில ரெண்டு கட்டை இப்பிடிக் கத்தத் துடங்கிக் கழட்டிப் பார்க்க, அந்த ரப்பருக்குக் கீழ நல்ல மெல்லிசா அரிச்ச மா மாதிரிச் செம்மண் படிஞ்சிருந்தது. ரோட்டோரக் கோயில் மேடையில ஒரு மாரி ஒரு கோடை போதும் அதுக்கு. ஐசோபுறப்பைல் அல்கஹோலைப் பஞ்சில தொட்டுத் துடைச்சு, காய விட்டுப் பூட்ட, சரி வந்திட்டுது. எண்ணெய் மட்டும் விடாதேங்கோ. வாசிச்சு முடிச்ச உடன ஒரு பழஞ்சாரத்தையாவது மேல போட்டு மூடி வையுங்கோ.

கேள்வி: கனடாவில இருந்து மாமா ஒரு யமஹா கீபோட் கொண்டு வந்து தந்தவர். இஞ்ச பிளக்கில குத்தலாமோ எண்டு பயமா இருக்கு. (ஒரு தங்கச்சி, முள்ளியவளை)

பதில்: பயந்தது நல்லது தங்கச்சி, நான் பயப்படாமல் குத்தினனான். எனக்கும் அங்கயிருந்துதான் ஒண்டு வந்தது, சந்தோசத்தில மாத்துப் பிளக் ஒண்டு போட்டுக் குத்தி ஒரு பாட்டு முடியேல்லை, எரிஞ்ச மணம், அடப்டர் கையில தொடேலாத சூடு. கனடாவில வீட்டுக் கரண்ட் 120 வோல்ட், எங்களுக்கு 230. மாத்துப் பிளக் காலின்ர வடிவத்தைத்தான் மாத்தும், வோல்டேச்சை மாத்தாது. அடப்டரைத் திருப்பிப் பாருங்கோ, இன்புட் எண்ட இடத்தில 100 இருந்து 240 எண்டு இருந்தால் பயமில்லாமல் குத்தலாம், 120 எண்டு மட்டும் இருந்தால் அதைத் தொடாதேங்கோ, இஞ்ச ஒரு புது அடப்டர் வாங்குங்கோ, கீபோட்டுக்கு ஒண்டும் இல்லை. சுவிஸ், பிரான்ஸில இருந்து வாறதுக்கு இந்தப் பிரச்சினை இல்லை, அங்கயும் 230தான்.

புது அடப்டர் எடுக்கேக்க இன்னொரு கவனம். இந்தச் சின்ன யமஹாவளுக்குப் பொதுவா 12 வோல்ட், நடு ஊசி பிளஸ். றோலண்டில கனக்க 9 வோல்ட், நடு மைனஸ். ஊசி ஒண்டுக்கொண்டு பொருந்தினாலும் உள்ளுக்க கரண்ட் தலைகீழா வரும். அடப்டரிலயும் கீபோட்டின்ர பின்பக்கத்திலயும் ஒரு வட்டமும் ரெண்டு கோடும் கீறி பிளஸ் மைனஸ் போட்டிருக்கும், ரெண்டும் ஒரே மாதிரி இருக்கோ எண்டு கண்ணால பார்த்துப்போட்டுக் குத்துங்கோ. ரெண்டு பேரின்ர கீபோட் ஒரே மேடையில நிக்கேக்க இருட்டில அடப்டர் மாறுறது நடக்கிற விசயம், நிற ரேப் ஒண்டு சுத்தி வையுங்கோ.

கேள்வி: ஐயா, எங்கட குழு எந்தக் கோயிலுக்குப் போனாலும் கீபோட் போட்ட உடன ஸ்பீக்கரில ம்ம்ம் எண்டு ஒரு இரைச்சல். வீட்டில இல்லை. சவுண்ட் சேர்விஸ்காரர் கீபோட் பழுது எண்டுறார், கீபோட் திருத்திறவர் சவுண்ட் பழுது எண்டுறார். (இசைக்குழுப் பொறுப்பாளர், புதுக்குடியிருப்பு)

பதில்: ரெண்டு பேரும் பிழை, பழுது நடுவில ஓடுற வயரிலயும் எர்த்திலயும்தான் இருக்கும். இதைக் கொஞ்சம் விரிவாச் சொல்லுறன், ஏனெண்டால் எங்கட பக்கத்தில கீபோட்டுக்கு லட்சக்கணக்கில குடுப்பினம், வயருக்கு ஆயிரம் குடுக்க யோசிப்பினம், சனம் கேக்கிறது அந்த வயருக்குள்ளால வாறதைத்தான்.

எங்கட கரண்ட் 50 ஹேட்ஸ், அதாவது செக்கனுக்கு 50 தரம் அதிருது. அந்த ம்ம்ம் எண்டது அதேதான். 50 ஹேட்ஸ் எண்டது அஞ்சு கட்டைச் சுருதியின்ர (கீபோட்டில ஜி) ஆகக் கீழ் 'ச' சுரத்துக்குக் கிட்ட, ஒரு மயிரிழை கூட. அதால அஞ்சு கட்டையில பாடுற பொம்பிளைப் பிள்ளையளுக்கு அந்த இரைச்சல் ஆகத் தொல்லை குடுக்கும், சுருதி மாதிரி நிண்டுகொண்டு ஆனால் சுருதி சேராமல் இழுக்கும்.

வாற வழி ரெண்டு. கீபோட்டுக்குக் கரண்ட் மேடைப் பக்கத்து வீட்டில இருந்து, மிக்ஸருக்கு (எல்லாச் சத்தத்தையும் சேர்க்கிற பெட்டி) கரண்ட் ஜெனரேற்றரில இருந்து எண்டு எடுத்தால் ரெண்டு எர்த்துக்கும் இடையில உள்ள வித்தியாசம் உங்கட சவுண்ட் வயருக்குள்ளால ஓடும். மற்றது, கீபோட்டில இருந்து வாற சாதாரண கிற்றார் வயர் அஞ்சாறு மீற்றருக்கு மேல போனால் பக்கத்தில ஓடுற கரண்ட் வயரின்ர இரைச்சலையும் ரியூப் லைற்றின்ர இரைச்சலையும் இழுத்துக் கொள்ளும், கோயில்ல மிக்ஸர் நாப்பது மீற்றர் தள்ளிப் பந்தலுக்குள்ள நிக்கும். முதல்ல கீபோட்டைப் பற்றரியில போட்டுப் பாருங்கோ, இரைச்சல் நிண்டால் கரண்ட் வழி, நிக்காட்டி வயர் வழி. ரெண்டுக்கும் மருந்து டிஐ பொக்ஸ் எண்ட சின்னப் பெட்டி. கீபோட்டுக்குப் பக்கத்தில வச்சு, ஒரு பக்கம் நீளம் குறைஞ்ச கிற்றார் வயர், மற்றப் பக்கம் மைக் வயரைப் போல மூண்டு ஊசி வயர், அதில கன தூரம் போனாலும் இரைச்சல் லேசில ஏறாது. அதில சவுண்ட் வயரின்ர எர்த் தொடுப்பை மட்டும் விடுவிக்கிற கிரவுண்ட் லிப்ட் எண்டு ஒரு சுவிச் இருக்கும், அதைத் தட்டிப் பாருங்கோ. கீபோட் கரண்டையும் மிக்ஸர் கரண்டையும் ஒரே இடத்தில இருந்து எடுங்கோ.

ஒண்டை மட்டும் செய்யவே கூடாது. இரைச்சல் போகுது எண்டு பிளக்கில எர்த் ஊசியை வெட்டுறவை இருக்கினம். இரைச்சல் போகும், உண்மைதான். விடியப்புறம் பனியில நனைஞ்ச நிலத்தில வெறுங்காலோட மைக்கைப் பிடிக்கிற பாடகரின்ர உயிருக்கு அந்த ஊசிதான் காவல். ஆர் வெட்டினாலும் அந்த மேடையில ஏறாதேங்கோ, காசு போனாலும் பரவாயில்லை.

இன்னொரு சின்ன விசயம். எங்கட சவுண்ட் செற் கனக்க மோனோ, இடம் வலம் எண்டு பிரியாமல் ஒரே சத்தம்தான். கீபோட்டில ரெண்டு வயரும் குத்தி ஒண்டை மட்டும் மிக்ஸருக்குக் குடுத்தால் பியானோவில பாதி காணாமல் போகும். இடப்பக்கத்து ஓட்டையில மோனோ எண்டும் எழுதியிருக்கும், அதில மட்டும் ஒரு வயர் குத்துங்கோ, முழுச்சத்தமும் ஒண்டா வரும்.

கேள்வி: மகளுக்கு 61 கட்டையோ 88 கட்டையோ? (ஒரு அம்மா, வவுனியா)

பதில்: பிள்ளை பியானோச் சோதினை எடுக்கப் போறா எண்டால் பாரக் கட்டை உள்ள 88, வேற கதையில்லை, விரல் அந்தப் பாரத்தில பழகவேணும். சினிமாப் பாட்டு, தேவாலயப் பாடகர் குழு, மேடை எண்டால் 61 காணும். எதெண்டாலும் மெல்லத் தொட மெல்லச் சத்தம், பலமாத் தொடப் பலத்த சத்தம் வாற கட்டையா இருக்கவேணும், அது இல்லாத விளையாட்டுச் சாமானை வாங்கிக் குடுத்துப் பிள்ளையின்ர கையைப் பழுதாக்காதேங்கோ அக்கா.

கேள்வி: என்ர அம்மம்மாவுக்கு 84 வயசு. அருவிவெட்டுப் பாட்டு, தாலாட்டு, கூத்துப் பாட்டு எண்டு கனக்கத் தெரியும். அவ இருக்கேக்கையே நல்ல தரமா ரெக்கோட் பண்ணி, கீபோட் மியூசிக்கும் போட ஆசை. என்ன மைக், என்ன சாமான் வாங்க? (ஒரு தம்பி, ஒட்டுசுட்டான்)

பதில்: தம்பி, சாமான் வாங்கும் வரைக்கும் பொறுக்காதேங்கோ. இண்டைக்குப் பின்னேரமே போனில ரெக்கோட் பண்ணுங்கோ. 2009ஓட இஞ்ச எத்தினை வீட்டில கசற்றும் கொப்பியும் அல்பமும் போனது, இருக்கிறதெல்லாம் ஆக்களின்ர நினைவிலதான் இருக்கு.

அதுக்குப் பிறகு சாமான். மைக்கைக் கொம்பியூட்டரோட தொடுக்கிற, ரெண்டு இன்புட் உள்ள ஓடியோ இன்ரபேஸ் ஒண்டு, ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 மாதிரி, அதோட ஒரு மைக். ஸ்ரூடியோ எண்டால் கொண்டென்சர் மைக்தான் எண்டு சொல்லுவினம், அதுக்கு இன்ரபேஸில 48 வோல்ட் சுவிச் போடவேணும், ஆனால் தகரக் கூரை வீட்டில அது சேவலையும் மோட்டச்சைக்கிளையும் குசினிச் சட்டியையும் சேர்த்துப் பிடிக்கும். ஷூர் எஸ்எம்58 மாதிரி டைனமிக் மைக் ஒண்டை வாயில இருந்து ஒரு சாண் தள்ளி, நேர வைக்காமல் கொஞ்சம் சரிச்சு வையுங்கோ. மழை இல்லாத நேரம், ஃபானை நிப்பாட்டி, சுவரில நாலு பெட்சீற் தொங்கவிட்டால் எதிரொலி குறையும். ரெக்கோட் பண்ணேக்க லெவல் மீற்றர் மைனஸ் 12 டெசிபெல்லுக்கு மேல போகாமல் பாருங்கோ, கூத்துப் பாட்டில திடீரெண்டு குரலை உயத்துவா, உடைஞ்ச சத்தத்தைப் பிறகு திருத்தேலாது. எம்பி3 வேண்டாம், சத்தத்தைச் சுருக்காத 24 பிற் வேவ் ஆ எடுங்கோ, செக்கனுக்கு 48 ஆயிரம் சாம்பிள் எண்டு வச்சால் ஒரு மைக் ஒரு மணித்தியாலத்துக்கு கிட்டத்தட்ட 520 எம்பிதான் வரும்.

தாளம் தட்டுற மெட்ரோனோம் போட்டு அதோட பாடச் சொல்லாதேங்கோ. அருவி வெட்டுற கைக்குத்தான் அந்தப் பாட்டின்ர தாளம், குனிஞ்சு பிடிச்சு அரிஞ்சு வைக்கிற நேரம் அதுக்குள்ள இருக்கு, அவ நிப்பாட்டிற இடத்தில நிப்பாட்டட்டும். முதல்ல வெறுங்குரல் மட்டும் எடுத்து, ஒண்டும் தொடாமல் ரெண்டு இடத்தில கொப்பி பண்ணி வையுங்கோ, ஒண்டு உங்கட வீட்டில, மற்றது வேற ஊரில இருக்கிற ஆரிட்டையாவது.

மியூசிக் போடுறதெண்டால் அந்தக் கொப்பியில இன்னொண்டு எடுத்துப் போடுங்கோ. அவவின்ர சுருதி ஒண்டரைக் கட்டைக்கும் ரெண்டு கட்டைக்கும் நடுவில எங்கயாவது நிக்கும், சுருதியை அரைக் கட்டை அரைக் கட்டையா மாத்துற ட்ரான்ஸ்போசில சரி வராது. கீபோட்டில மாஸ்டர் ரியூன் எண்டு இருக்கும், 440 எண்டு நிக்கிறதைக் கொஞ்சங் கொஞ்சமா ஏத்தி இறக்கி அவவின்ர 'ச' சுரத்தோட சேருங்கோ. அம்மம்மாவின்ர குரலைக் கொம்பியூட்டரில இழுத்துக் கீபோட்டோட சேர்க்க வேண்டாம். அடியில ஒரு தம்புராச் சத்தம் மட்டும் மெல்லமா விட்டுப் பாருங்கோ, அதுவே கூடிப்போனால் அதையும் எடுத்துவிடுங்கோ. பாட்டுக்கு முன்னம், இதை ஆரிட்டப் படிச்சனீங்கள், எந்த வயலில பாடினனீங்கள் எண்டு கேட்டு அந்தக் கதையையும் ரெக்கோட் பண்ணுங்கோ.